கலிஃபோர்னியாவில் சிறு திருட்டு வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் கடைத்திருட்டுப் புகாரில் சிக்கி, கையில் சம்மன் சீட்டோடு வீடு திரும்பும் தமிழர்களில் பலருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: யார் காதுக்கும் எட்டாமல் அபராதத்தைக் கட்டி இதை முடித்துவிட வேண்டும். இத்தகைய வழக்குகளில் மிகப் பெரிய சேதத்தை விளைவிப்பது அந்த அவசரமே. பிடிபட்ட நிமிடம் தொடங்கி வழக்குப் பதிவு மூடப்படும் வரை எழக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சட்டத்தின் பொதுவான நிலையை மட்டுமே இதில் சொல்ல முடியும் என்பதையும், உங்கள் வழக்குத் தாள்களைப் படித்துப் பார்த்த வழக்கறிஞரின் சொல்லே உங்களுக்குப் பொருந்தும் என்பதையும் மனத்தில் கொள்ளவும்.

எந்தச் செயலைக் கலிஃபோர்னியச் சட்டம் சிறு திருட்டாகக் கொள்கிறது?

மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 484ஆம் பிரிவு திருட்டை வரையறுக்கிறது. எடுக்கப்பட்ட பொருளின் மதிப்பு 950 டாலருக்கு மேற்படாவிட்டால், சில விலக்குகள் நீங்கலாக, அது சிறு திருட்டு, மேற்பட்டால் பெருந்திருட்டு. 2014 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற 47ஆம் முன்மொழிவு, கடைத்திருட்டுக்கென்றே 459.5 என்ற தனிப் பிரிவைச் சேர்த்தது. வழக்கமான வணிக நேரத்தில் திறந்திருக்கும் கடைக்குள், 950 டாலருக்கு மேற்படாத பொருளைத் திருடும் நோக்கத்தோடு நுழைவதே அப்பிரிவின்கீழ் குற்றமாகும். ஒரே பொருளுக்காக ஒருவர்மீது கடைத்திருட்டு, திருட்டு ஆகிய இரண்டையும் சேர்த்துச் சாட்ட முடியாது.

உங்கள் சம்மனில் எந்தப் பிரிவு எண் எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 484 என்றால், பிறருடைய பொருளை அவருடைய அனுமதியின்றி, அவருக்கு அது திரும்பக் கிடைக்காதபடி செய்யும் எண்ணத்தோடு எடுத்து, சிறிது தூரமாவது நகர்த்தினீர்கள் என்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். 459.5 என்றால், கடைவாசலில் கால் வைத்தபோதே அந்த எண்ணம் உங்களுக்கு இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். உள்ளே சென்றபின் தோன்றிய சபலத்திற்கு இரண்டாவது பிரிவு பொருந்தாது.

கடையை விட்டு வெளியே வரவே இல்லை. அப்படியும் திருட்டாகுமா?

ஆகலாம். பொருளை மறைத்து நான்கடி நகர்த்தியிருந்தாலே சட்டப்படி போதும். கதவைத் தாண்ட வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. ஆயினும் பணம் செலுத்தும் இடத்தைக் கடப்பதற்கு முன் ஒருவரைப் பிடித்துவிட்டால் அவருடைய நோக்கத்தை மெய்ப்பிப்பது கடினம் என்பது கடைகளுக்குத் தெரியும். அதனால்தான் பெரும்பாலும் கடைசி கவுன்டரைத் தாண்டும்வரை காத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே உங்களை நிறுத்தினார்கள் என்றால், அது உங்கள் தரப்பில் நல்ல வாதம். வழக்கே வராது என்பதற்கு உத்தரவாதம் அன்று.

தண்டனை எவ்வளவு?

மிஸ்டிமீனர் எனப்படும் சிறிய குற்ற வகையில் வரும் இதற்கு மாவட்டச் சிறையில் அதிகபட்சம் ஆறு மாதம், 1,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அடிப்படை அபராதத்தோடு மாநிலமும் மாவட்டமும் சேர்க்கும் கூடுதல் கட்டணங்களால் கட்ட வேண்டிய தொகை பல மடங்காகிவிடும். நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டால் அது இரண்டாண்டு வரை நீளலாம். முதல்முறை வருபவர் சிறைக்குச் செல்வது அரிது. பொருளின் மதிப்பு 50 டாலருக்கு மேற்படாமலும், முன்பு திருட்டுத் தண்டனை எதுவும் இல்லாமலும் இருந்தால், அரசு வழக்கறிஞர் விரும்பினால் அதைப் போக்குவரத்து மீறல் போன்ற இன்ஃப்ராக்‌ஷனாகக் குறைத்து 250 டாலர் வரையிலான அபராதத்தோடு முடித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. குடியுரிமை இல்லாதவர்கள் இதையும் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரைக் கேட்காமல் ஏற்கக் கூடாது. காரணம் கீழே விசா பற்றிய விடையில் உள்ளது.

கடையின் செக்யூரிட்டி ஊழியர்கள் பிடித்துத் தனி அறையில் உட்கார வைத்தால் என்ன செய்வது?

திருட்டு நடந்தது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தால், நியாயமான நேரம்வரை, நியாயமான முறையில் உங்களை நிறுத்தி விசாரிக்க 490.5ஆம் பிரிவு கடைக்காரருக்கு உரிமை தருகிறது. கைப்பை, துணிப்பை போன்றவற்றில் வரம்புக்குட்பட்ட சோதனையும் செய்யலாம். நீங்கள் உடுத்தியிருக்கும் ஆடைக்குள் கைவிட அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

அந்த அறை பெரும்பாலும் ஜன்னல் இல்லாத சிறிய அறை: ஒரு மேசை, கேமராக் காட்சிகள் ஓடும் திரை, அட்டையில் செருகிய ஒரு படிவம். படிவத்தின் ஒரு பகுதியில் உங்கள் பெயரும் முகவரியும் கேட்கப்பட்டிருக்கும். இன்னொரு பகுதியில், பணம் செலுத்தும் எண்ணம் இல்லாமல் இன்னின்ன பொருள்களை எடுத்தேன் என்ற வாசகம் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கும். பெயரைச் சொல்வதில் தவறில்லை. இரண்டாவது பகுதியில் கையெழுத்திடும் கடமை உங்களுக்கு இல்லை. “இதில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம்” என்று சொன்னாலும் இல்லை. அந்தத் தாள் நேராகப் போலீஸ் அறிக்கையோடு இணைக்கப்பட்டு, பின்னர் உங்களுக்கு எதிரான முதல் சான்றாக நிற்கும். மௌனமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று எச்சரிக்கும் மிராண்டா விதி போலீஸாரைத்தான் கட்டுப்படுத்துமே தவிர, தனியார் கடையின் ஊழியரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது.

இந்தக் கடைக்கு இனி வரக் கூடாது என்ற அறிவிப்பையும் தருவார்கள். அதைப் பெற்றுக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஆனால் அதை மீறி மறுபடி உள்ளே சென்றால் அத்துமீறல் என்ற புது வழக்கு வரலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எக்காரணம் கொண்டும் ஊழியரைத் தள்ளிவிட்டோ கையை உதறிக்கொண்டோ ஓட முயலாதீர்கள். பொருளைக் கொண்டுபோவதற்காகப் பலத்தைப் பயன்படுத்தினால், எடுத்தபோது பலம் பயன்படுத்தாவிட்டாலும், அது கொள்ளை என்று 1983இல் எஸ்டெஸ் வழக்கில் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது டாலர் பொருளுக்காக ஆண்டுக்கணக்கில் மாநிலச் சிறைத் தண்டனைக்குரிய ஃபெலனி வழக்கைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள்.

போலீஸ் வந்தபின் என்ன பேசலாம்?

உண்மையான பெயர், முகவரி, பிறந்த தேதி, அடையாள அட்டை ஆகியவற்றைத் தந்துவிட்டு, வழக்கறிஞர் இல்லாமல் இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பொய்ப் பெயர் சொல்வது தனிக் குற்றம். நம்மவர்களிடம் உள்ள ஒரு பழக்கம் இந்த இடத்தில் பெரும் தீங்கு செய்கிறது. சங்கடம் தாளாமல் உடனே மன்னிப்புக் கேட்டு, “தவறு நடந்துவிட்டது, காசை இப்போதே கொடுத்துவிடுகிறேன்” என்று சொல்லிவிடுகிறோம். நம் வழக்கத்தில் அது பணிவு. போலீஸ் அறிக்கையில் அது சந்தேக நபரின் ஒப்புதல் வாக்குமூலம்.

மிராண்டா எச்சரிக்கையை வாசிக்கவில்லை என்பதால் வழக்கே விழுந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியன்று. காவலில் வைத்து, எச்சரிக்காமல் கேள்வி கேட்டுப் பெற்ற வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் சான்றாக முன்வைக்க முடியாமல் போகலாம்; கேமராப் பதிவும் சாட்சிகளும் அப்படியே இருக்கும்.

நீதிமன்றத்துக்கு வருவேன் என்று எழுதிய சீட்டில் கையெழுத்திட்டுவிட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா?

ஆகாது. குறித்த நாளில் வருவேன் என்ற உறுதிமொழி மட்டுமே அது. ஆனால் வராமல் இருந்தால் அதுவே இன்னொரு மிஸ்டிமீனராகும். நீதிபதி பிடிவாரன்ட் பிறப்பிக்கலாம். சீட்டில் உள்ள தேதி, நேரம், நீதிமன்றக் கட்டடம் மூன்றையும் சரிபாருங்கள். ஒரே மாவட்டத்தில் பல கட்டடங்களில் நீதிமன்றங்கள் இயங்குகின்றன. கைரேகை பதிவதற்காகத் தனியே ஒரு நாள் வரச் சொல்லியிருந்தால் அதையும் தவறவிடாதீர்கள்.

குறித்த நாளில் போனேன். என் பெயர் பட்டியலிலேயே இல்லை என்கிறார்கள். தப்பித்துவிட்டேனா?

இல்லை. பலர் ஏமாறும் இடம் இது. போலீஸ் சீட்டு எழுதினாலும் வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி எனப்படும் அரசு வழக்கறிஞரின் அலுவலகம். மிஸ்டிமீனர்களுக்குப் பொதுவாக ஓராண்டு வரை அவர்களுக்கு அவகாசம் உண்டு. நீங்கள் வந்து போனதற்கு எழுத்தரிடம் ஒரு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில மாதங்களில் புதிய தேதியோடு கடிதம் வரக்கூடும். அது சீட்டில் எழுதியிருந்த முகவரிக்குத்தான் வரும். இடையில் வாடகை வீடு மாறியவர்கள் கடிதத்தையே பார்க்காமல், பின்னர் விமான நிலையத்திலோ சாலையோரச் சோதனையிலோ தங்கள் பெயரில் வாரன்ட் இருப்பதை அறிகிறார்கள். வீடு மாறினால் நீதிமன்ற இணையதளத்திலும் எழுத்தர் அலுவலகத்திலும் அவ்வப்போது பார்த்து வருவது உங்கள் பொறுப்பு.

கடையின் சார்பில் ஒரு வக்கீல் நிறுவனம் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. கட்டினால் வழக்கு முடியுமா?

முடியாது. அதே 490.5ஆம் பிரிவு, 50 டாலருக்குக் குறையாமலும் 500 டாலருக்கு மேற்படாமலும் ஒரு தொகையையும் செலவையும், பொருள் விற்கத்தக்க நிலையில் திரும்பக் கிடைக்கவில்லை என்றால் அதன் விலையையும் உரிமையியல் வழியில் கோரக் கடைக்கு இடம் தருகிறது. குற்ற வழக்குக்கும் இந்தக் கடிதத்துக்கும் தொடர்பில்லை: கட்டினால் குற்ற வழக்கு நிற்காது, கட்டாமல் இருப்பதும் குற்றமாகாது. கட்டாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் உரிமை மட்டும் கடைக்கு உண்டு. பதில் எழுதும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிலில் நடந்ததை விளக்கி எழுதவே எழுதாதீர்கள். “பணம் கட்டி எங்கள் வகுப்பில் சேராவிட்டால் போலீஸைக் கூப்பிடுவோம்” என்று பிடிபட்டவர்களிடம் சொல்லிவந்த ஒரு தனியார் நிறுவனத்தின் நடைமுறை மிரட்டிப் பணம் பறிப்பதே என்று 2017இல் சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கடைக்காரரிடம் பேசிப் புகாரைத் திரும்பப் பெறச் செய்யலாமா?

தமிழ்நாட்டில் புகார்தாரர் சமாதானமாகிவிட்டால் வழக்கு அடங்கிவிடும் என்று பார்த்துப் பழகியவர்கள் கேட்கும் கேள்வி இது. இங்கே வழக்கை நடத்துவது மாநில அரசு. கடை வேண்டாம் என்றாலும் அரசு வழக்கறிஞர் தொடரலாம். தண்டனைச் சட்டத்தின் 1377, 1378ஆம் பிரிவுகளில் சமரசத்துக்கு ஒரு வழி இருக்கிறது: நட்டம் ஈடுசெய்யப்பட்டுவிட்டது என்று பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் எழுதித் தந்தால், நீதிபதி விரும்பினால் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். சிறு கடைகளின் உரிமையாளர்களோடு இது சில வேளைகளில் கைகூடும். பெருந்தொடர்க் கடைகள் அரிதாகவே உடன்படும். நீங்கள் நேரில் போய்க் கெஞ்ச வேண்டாம், வழக்கறிஞர் மூலமாகவே அணுகுங்கள்.

முதல் வாய்தாவில் என்ன நடக்கும்?

குற்றச்சாட்டின் நகலைத் தந்து, நீங்கள் குற்றவாளியா இல்லையா என்று கேட்பார்கள். குற்றவாளி அல்ல என்று சொல்வது பொய் சொல்வதாகாது. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுக்கே உரியது என்று வலியுறுத்துவது மட்டுமே. மறுக்கவில்லை என்று பொருள்படும் நோ கான்டஸ்ட் பதில், தண்டனையைப் பொறுத்தவரை குற்ற ஒப்புதலுக்கு இணையானது. குடிவரவுத் துறையின் கண்ணிலும் அப்படியே. அன்றைக்கே ஒப்புக்கொண்டால் சிறிய அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று அரசுத் தரப்பு ஒரு பேரத்தை முன்வைக்கலாம். போலீஸ் அறிக்கையையும் கேமராப் பதிவையும் பார்க்காமல் அதை ஏற்பதற்குத் தக்க காரணம் அனேகமாக எப்போதும் இருப்பதில்லை. காவலில் இல்லாதவருக்குப் பதிலளித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்பது விதி. ஆவணங்களைப் பெறவும் பேசவும் நேரம் வேண்டி அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதே பெரும்பாலும் நல்லது.

ஆங்கிலம் சரளமாக வராதவருக்குக் குற்ற வழக்கு முழுவதும் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை மாநில அரசியல் சாசனமே தருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தரிடம் சொல்லுங்கள்; செலவு நீதிமன்றத்துடையது. மகனோ மருமகளோ பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பதை நம்பி ஒரு குற்ற வழக்கை நடத்தக் கூடாது.

வழக்கறிஞரை அமர்த்தப் பணம் இல்லை என்றால்?

சிறைத் தண்டனைக்கு வாய்ப்புள்ள மிஸ்டிமீனர்களிலும் வசதியற்றவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் உண்டு. பப்ளிக் டிஃபென்டர் என்றால் தரம் குறைந்தவர் என்ற எண்ணம் தவறு. நாள்தோறும் அதே நீதிபதிகள் முன், அதே அரசு வழக்கறிஞர்களோடு வாதிடுபவர்கள் அவர்கள். வருமானத்தைப் பார்த்தே நியமிப்பார்கள் என்பதால் மென்பொருள் வேலையில் இருப்பவருக்குக் கிடைக்காமல் போகலாம். அப்போது தனியாரை அமர்த்துகையில், குடிவரவு விளைவுகளை யார் பார்த்துச் சொல்வார் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தவறான அறிவுரை தருவது அரசியல் சாசன உரிமையை மீறுவதாகும் என்று 2010இல் படில்யா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியச் சட்டமோ சரியான அறிவுரை தரும் கடமையைப் பிரதிவாதி வழக்கறிஞருக்கும், அந்த விளைவுகளைக் கருத்தில் கொள்ளும் கடமையை அரசு வழக்கறிஞருக்கும் விதித்திருக்கிறது.

எந்த வாதங்கள் எடுபடும்?

திருட்டு வழக்கின் உயிர் நோக்கத்தில்தான் இருக்கிறது. தானே ஸ்கேன் செய்து பணம் கட்டும் இயந்திரங்கள் வந்தபின் உண்மையாகவே மறதியாலும் குழப்பத்தாலும் பிடிபடுவோர் கூடியிருக்கிறார்கள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். பதினாறு பொருளை ஸ்கேன் செய்கிறார். வண்டியின் கீழ்த்தட்டில் வைத்த டயப்பர் பொட்டலம் ஞாபகத்துக்கு வரவில்லை. குழந்தை அழுகிறது, ரசீதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். அனுமதியின்றிப் பொருள் வெளியே போனது உண்மை. திருடும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி. திருட்டைப் பொறுத்தவரை, மனப்பூர்வமான தவறான நம்பிக்கை போதும். அது புத்திசாலித்தனமான நம்பிக்கையாக இருக்க வேண்டியதில்லை.

இங்கே விவரங்கள்தான் பேசும். மற்றப் பொருள்களுக்குப் பணம் கட்டிய ரசீது, விட்டுப்போன பொருள் மறைக்கப்படாமல் கண்ணில் படும்படி இருந்தது, சுற்றுமுற்றும் பார்க்காதது, நிறுத்தியவுடன் திகைத்து நின்றது ஆகியவை உங்களுக்குச் சாதகம். விலைச்சீட்டை மாற்றி ஒட்டியது, ஐம்பது டாலர் பொருளை வாழைப்பழம் என்று எடை போட்டது, பாதுகாப்பு வில்லையைக் கழற்றியது, காலிப் பையை வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஆகியவை பாதகம். “என்னிடம் பணம் இருந்ததே, நான் ஏன் திருட வேண்டும்?” என்பது கேட்க நன்றாக இருந்தாலும் தனியாக நிற்காது, பணப்பையில் பணத்தோடு திருடியவர்களை நீதிபதிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். பிற சான்றுகளோடு சேரும்போது மட்டும் அதற்குக் கனம் உண்டு.

நோக்கத்துக்கு நேரடிச் சான்று அரிது என்பதால் வழக்கு சூழ்நிலைச் சான்றுகளில் ஓடும். அவற்றிலிருந்து குற்றம், குற்றமின்மை என்ற இரண்டு நியாயமான முடிவுகளுக்கும் வர முடிந்தால், குற்றமின்மையையே ஏற்க வேண்டும் என்று கலிஃபோர்னிய நீதிபதிகள் ஜூரிக்கு அறிவுறுத்துகிறார்கள். மிஸ்டிமீனரிலும் பன்னிரண்டு பேர் ஜூரி உங்களுக்கு உண்டு, பன்னிருவரும் ஒருமனதாக வர வேண்டும் என்பது அரசு வழக்கறிஞருக்கும் நினைவிருக்கும்.

இவற்றைத் தவிர, பொருள் தன்னுடையது என்ற நல்லெண்ண நம்பிக்கை, ஆள் மாறாட்டம், மதிப்பீட்டில் தவறு ஆகியவையும் வாதங்களாகும். எதுவாயினும் கேமராப் பதிவு உடனே தேவை. கடைகள் பழைய பதிவுகளை அழித்துவிடும்; முழுப் பதிவையும் பாதுகாக்கச் சொல்லி உங்கள் வழக்கறிஞர் முதல் வாரத்திலேயே கடைக்கு எழுத வேண்டும். அரசுத் தரப்பிடம் வரும் நாற்பது விநாடித் துண்டில் நீங்கள் மற்றப் பொருள்களுக்குப் பணம் கட்டிய காட்சி இருக்காது.

டைவர்ஷன் என்பது என்ன? எனக்குக் கிடைக்குமா?

முதல்முறை வருபவருக்குப் பெரும்பாலும் மிகச் சிறந்த முடிவு இதுதான். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 1001.95ஆம் பிரிவின்படி, மிஸ்டிமீனர் வழக்கை நீதிபதி இரண்டாண்டு வரை தள்ளி வைத்து, நிபந்தனைகளை விதித்து, அவை நிறைவேறியபின் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். அரசு வழக்கறிஞர் எதிர்த்தாலும் நீதிபதி இதைத் தரலாம். குடும்ப வன்முறை போன்ற சில குற்றங்களுக்கு இது கிடையாது. சிறு திருட்டு அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. நிபந்தனைகள் பெரும்பாலும் திருட்டுத் தடுப்பு வகுப்பு, சில மணி நேரச் சமூக சேவை, கடைக்கு இழப்பீடு, அந்தக் கடைப்பக்கம் போகாமை என்ற அளவில் இருக்கும். முடித்தபின் அந்தக் கைது நடக்கவே இல்லை என்று, சில விதிவிலக்குகளோடு, சட்டம் கருதுகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பிரிவின்கீழ் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் “முதலில் ஒப்புக்கொள், ஓராண்டு ஒழுங்காக இருந்தால் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுத் தள்ளுபடி செய்கிறோம்” என்ற இன்னொரு வகை ஏற்பாடும் சில இடங்களில் முன்வைக்கப்படுகிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். குடியுரிமை பெற்றவருக்கு வேறுபாடு சிறிது. விசாவில் இருப்பவருக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

விசாவும் கிரீன் கார்டும் என்ன ஆகும்?

திருட்டு, ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் குடிவரவுச் சட்டத்தில் சேர்கிறது. ஒரே ஒரு குற்றம், அதற்கான அதிகபட்சத் தண்டனை ஓராண்டுக்கு மேற்படாதது, உண்மையில் விதித்தது ஆறு மாதத்துக்கு மேற்படாதது என்ற மூன்றும் பொருந்தினால், சிறு குற்ற விலக்கு உங்களை நுழைவுத் தடையிலிருந்து காக்கும். கலிஃபோர்னியச் சிறு திருட்டு முதல்முறையில் இதற்குள் அடங்கிவிடும். நாடுகடத்தலுக்கு, அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்டு ஐந்தாண்டுக்குள் செய்த, ஓராண்டோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க குற்றமாக இருக்க வேண்டும் என்பதால், ஆறு மாத வரம்புள்ள ஒரு தண்டனை மட்டும் பொதுவாக அதைத் தூண்டாது. இரண்டாவது வழக்கு வந்தால் இந்தப் பாதுகாப்புகள் போய்விடும்: தனித்தனி நிகழ்வுகளுக்காகத் தண்டிக்கப்பட்ட இரண்டு ஒழுக்கக்கேடான குற்றங்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவரைக்கூட நாடுகடத்தப் போதுமானவை. முதல் வழக்கில் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளக் கூடாது என்று சொல்வதன் முழுக் காரணமும் இதுவே. இந்த விலக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் உதவும்.

தண்டனை என்பதற்குக் குடிவரவுச் சட்டம் தனி வரையறை வைத்திருக்கிறது. குற்றத்தையோ போதிய உண்மைகளையோ ஒப்புக்கொண்டு, ஏதேனும் ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டாலே அது தண்டனை. பின்னால் மாநில நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தாலும், 1203.4ஆம் பிரிவின்கீழ் துடைத்தாலும் கூட்டரசின் கண்ணில் அது மறையாது. ஒப்புதல் இல்லாத டைவர்ஷன் இந்த வரையறைக்குள் வருவதில்லை.

தண்டனையே இல்லாத கைதும் தொல்லை தரும். கைரேகை கூட்டரசுத் தரவுத்தளத்துக்குச் செல்வதால், வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யக்கூடும். எச்-1பியில் உள்ளே இருப்பவரின் தங்கும் தகுதி அதனால் மட்டும் முடிவதில்லை. ஆனால் ஊருக்குப் போனால் சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிய முத்திரை பெற்றுத்தான் திரும்ப முடியும். 2025 வசந்த காலத்தில், தள்ளுபடியான சிறு வழக்குகளையும் காரணமாக வைத்து செவிஸ் என்ற அரசுத் தரவுத்தளத்தில் இருந்த ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் முடிக்கப்பட்டன. நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தபின் ஏப்ரல் இறுதியில் அரசு அவற்றை மீட்டுத் தரத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில், திருட்டில் ஈடுபடுவோரின் விசா ரத்தாகலாம், இனி விசாவே கிடைக்காமலும் போகலாம் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் வெளிப்படையாக எச்சரித்தது. முறையான நுழைவு அனுமதி இல்லாமல் வந்தவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை: 2025 ஜனவரியில் கையெழுத்தான லேக்கன் ரைலி சட்டப்படி, கடைத்திருட்டுக் கைது அல்லது குற்றச்சாட்டு மட்டுமே அவர்களைக் கட்டாயக் காவலில் வைக்கப் போதும்.

பி-2 சுற்றுலா விசாவில் வந்த அம்மாமீது வழக்கு; அடுத்த மாதம் ஊருக்கு டிக்கெட் இருக்கிறது. போய்விடலாமா?

எதையும் ஏற்பாடு செய்யாமல் போய்விட்டால் வாரன்ட் பிறக்கும். அடுத்த விசா விண்ணப்பத்திலோ விமான நிலையத்திலோ அது எதிரே வந்து நிற்கும். ஆனால் பெரும்பாலான மிஸ்டிமீனர்களில் பிரதிவாதிக்குப் பதிலாக வழக்கறிஞர் மட்டும் ஆஜராக 977ஆம் பிரிவு அனுமதிக்கிறது. புறப்படும் முன் வழக்கறிஞரை அமர்த்தி, அதற்கான தாள்களில் கையெழுத்திட்டு, கைரேகை பதிய வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டுச் செல்லலாம். டைவர்ஷன் வகுப்பை இணையவழியில் முடிக்க நீதிபதியிடம் அனுமதி கேட்கவும் முடியும்.

முன்பே திருட்டுத் தண்டனை உள்ளவருக்கு?

2024 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற 36ஆம் முன்மொழிவு இவர்களுடைய நிலையை மாற்றிவிட்டது. குறிப்பிட்ட திருட்டுக் குற்றங்களில் இரண்டு முந்தைய தண்டனைகள் இருந்தால், பொருள் எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் அடுத்ததை ஃபெலனியாகத் தொடரலாம். மூன்றாண்டு வரை தண்டனை கிடைக்கலாம்.

பிடிபட்டது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால்?

வழக்கு சிறார் நீதிமன்ற வழியில் போகும். பல வேளைகளில் அந்த வாசல் வரைகூடப் போகாமல் ஆலோசனையோடு முடிந்துவிடும். கடை கோரும் உரிமையியல் தொகைக்குப் பெற்றோர் பொறுப்பாக்கப்படலாம்.

வேறு மாநிலத்தில் வழக்கு என்றால் இதெல்லாம் பொருந்துமா?

பிரிவு எண்களும் வரம்புகளும் பொருந்தா. டெக்சஸில் 100 டாலருக்குக் குறைவானது அபராதத்தோடு முடியும் குற்றம், ஃபெலனி தொடங்குவது 2,500 டாலரில். நியூஜெர்சியில் 200 டாலரை எட்டினாலே கடைத்திருட்டு மேல்நிலைக் குற்றமாகிவிடும். ஜார்ஜியாவில் மிஸ்டிமீனருக்கே பன்னிரண்டு மாதம் வரை தண்டனை என்பதால், மேலே சொன்ன ஓராண்டுக் கணக்கில் ஒரே வழக்கு நாடுகடத்தல் வரை போகக்கூடும். ஜார்ஜியாவின் அட்லாண்டா நகர வாசகர்கள் கலிஃபோர்னிய நண்பரின் அனுபவத்தைக் கேட்டு ஆறுதல் அடைந்துவிடக் கூடாது.

வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. வேலைக்கும் விண்ணப்பங்களுக்கும் என்ன சொல்வது?

தண்டனையில் முடியாத கைதுப் பதிவை மூடி முத்திரையிடக் கோரும் உரிமை 851.91ஆம் பிரிவில் இருக்கிறது. அத்தகைய கைதைப் பற்றிக் கலிஃபோர்னிய முதலாளிகள் பொதுவாகக் கேட்கவே கூடாது. குடிவரவுப் படிவங்களில் நிலைமை நேர்மாறு: விசாவுக்கான டிஎஸ்-160, கிரீன் கார்டுக்கான ஐ-485, குடியுரிமைக்கான என்-400 ஆகியவை எப்போதாவது கைதானீர்களா என்று கேட்கின்றன, முத்திரையிடப்பட்டிருந்தாலும் ஆம் என்றே எழுத வேண்டும். மன்னிக்கத்தக்க சிறு திருட்டை மறைத்துப் பொய் சொன்னதால், பொய்க்காகவே நிரந்தரத் தடை வாங்கியவர் நிலை திருடியவர் நிலையைவிட மோசம். நன்னடத்தைக் கண்காணிப்பு முடியும்வரை குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வழக்கு முடிந்த வாரமே நீதிமன்ற எழுத்தரிடம் முத்திரையிட்ட தீர்ப்பு நகல்களை நான்கைந்து வாங்கி, குற்றச்சாட்டுத் தாளோடும் டைவர்ஷன் முடித்த சான்றிதழோடும் பாதுகாத்து வையுங்கள். பழைய மிஸ்டிமீனர் கோப்புகளைச் சில ஆண்டுகளுக்குப் பின் அழிக்க நீதிமன்றங்களுக்குச் சட்டம் அனுமதி தருகிறது. பத்தாண்டு கழித்துக் குடியுரிமை நேர்காணலில் அதிகாரி கேட்கும்போது, கோப்பு இல்லை என்று எழுத்தர் தரும் கடிதத்தைவிட உங்கள் கையிலுள்ள நகல் வேலையை விரைவாக முடித்துத் தரும்.